மழையில் நின்றது, மலையில் சுட்டது: ஒரு பீட்டிலின் பின்மூடி

கார் 1968ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீட்டில் 1500. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருடையது. அவரை நாங்கள் எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். காரைப் புதிதாக வாங்கியவர் அவருடைய தகப்பனார். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் மாஸ்டர் அதை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பின் இருக்கையில் நான்காக மடித்த நீலப் பொலித்தீன் விரிப்பு ஒன்று கிடந்தது.

"தம்பி, மழை வந்தா கார் நிண்டுடுது. மலை ஏறினா சூடாகுது. ரெண்டுக்கும் நடுவில நான் இந்த ஷீற்றோட திரியிறன்."

முழு வழக்கும் அந்த மூன்று வாக்கியங்களுக்குள் இருந்தது. மழையும் சூடும் வெவ்வேறு நோய்கள் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்திருந்தார்கள். ஒன்றுக்குக் கொடுத்த மருந்துதான் மற்றதைக் கிளப்பிவிட்டிருந்தது. காற்றால் குளிரும் எஞ்சினைப் பின்னால் வைத்த எந்தக் காரிலும் இது நடக்கலாம் என்பதால், பார்த்ததையும் செய்ததையும் விரிவாகவே எழுதுகிறேன்.

காரின் முன்கதை

மாஸ்டர் சொன்னதை வரிசைப்படுத்தினால் கதை இப்படி வரும். சில வருடங்களுக்கு முன் கண்டியிலிருந்து கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் போனபோது, ஏற்றம் முடிந்து எஞ்சினை ஐடிலில், அதாவது கார் நின்றபடி மெதுவாக ஓட, விட்டதும் எண்ணெய் அழுத்த விளக்கு மினுங்கியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல். றம்பொடைப் பக்கம் இரண்டாம் கியரிலேயே நெடுநேரம் ஏற வேண்டும். இந்த எஞ்சினில் மொத்தம் இரண்டரை லிட்டர் எண்ணெய்தான் உண்டு. அது அளவுக்கு மீறிச் சூடானால் தண்ணீர்போல் இளகும், ஐடிலில் அழுத்தம் விழும், விளக்கு எரியும்.

கொழும்பில் ஒரு கராஜில் காட்டியிருக்கிறார். எஞ்சினுக்குக் காற்றுப் போதவில்லை என்று சொல்லி, எஞ்சினை மூடும், துவாரம் இல்லாத பழைய பின்மூடியைக் கழற்றிவிட்டு, நான்கு கூட்டமாகத் துவாரங்கள் உள்ள பிற்கால மூடி ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள். அதுவும் போதாதென்று பூட்டுப் பக்கத்தில் ஒரு நீண்ட தகட்டை வைத்து, மூடியின் கீழ்விளிம்பு மூன்று விரல்கடை விலகி நிற்கும்படி செய்திருந்தார்கள். அடுத்த மழைக்கே கார் கொழும்பின் பிரதான வீதியான காலி வீதியில் நின்றது. மாஸ்டர் பொலித்தீன் விரிப்பு வாங்கினார். மழை வந்தால் ஓரமாக நிறுத்தி மூடியின் மேல் கட்டுவார். கட்டினால் கார் நிற்காது, ஆனால் பம்பலப்பிட்டி நெரிசலிலேயே விளக்கு மினுங்கத் தொடங்கிவிடும்.

காற்று வரும் வழி

பீட்டிலின் எஞ்சின் அறையைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் காரைத் தொடக்கூடாது. உள்ளே ரேடியேட்டர் இல்லை. டைனமோவின் தண்டின் ஒரு நுனியில் விசிறி இருக்கிறது; அதைச் சுழற்றுவது பெல்ட். வேகமாகச் சுழலும்போது விநாடிக்குச் சுமார் 500 லிட்டர் காற்றை அது இழுக்கிறது. எஞ்சின் எரிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் காற்றோடு ஒப்பிட்டால் இதன் அளவு புரியும். 1493 சிசி எஞ்சின் 4,000 சுற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 50 லிட்டர்தான் உறிஞ்ச முடியும். ஆக, அறைக்குள் வரும் காற்றில் பத்தில் ஒன்பது பங்கு குளிர்விப்பதற்கே போகிறது.

அந்தக் காற்று சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, வெளிக்காற்றின் சூட்டிலேயே இருக்க வேண்டும். விசிறி காற்றைத் தன்னைச் சுற்றியுள்ள தகரக் கூட்டுக்குள் தள்ளும். அது சிலிண்டர்களையும் ஹெட்களையும் தழுவிக்கொண்டு கீழே இறங்கி, காரின் அடிப்பக்கமாக வெளியே போகும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களும், தகரத்துக்கும் காரின் பொடிக்கும் (உடற்கூட்டுக்கும்) நடுவில் ஓடும் இறப்பர்ப் பட்டியும் அந்த அறையை இரண்டு மாடியாகப் பிரிக்கின்றன. மேல்மாடி குளிர்ந்த காற்றுக்கு, கீழ்மாடி சூடான காற்றுக்கு. விசிறி இழுப்பதால் மேல்மாடியில் எப்போதும் மெல்லிய உறிஞ்சல் இருக்கும். நடுவே எங்கே ஓட்டை விழுந்தாலும், கீழே போன சூடு மேலே ஏறி மறுபடி விசிறிக்குள் புகும். 1968 மாடலில் எண்ணெய்க் குளிர்விப்பான் விசிறிக் கூட்டுக்கு உள்ளேயே நிற்கிறது, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் பாதையில். உள்ளே போகும் காற்றே சூடாக இருந்தால் முதலில் எண்ணெய் பாதிக்கப்படும், அதற்கடுத்து மூன்றாம் சிலிண்டர். 1970 ஆகஸ்ட் முதல் வந்த எஞ்சின்களில் குளிர்விப்பானை ஒதுக்கி அதற்கென்று தனிக்கூடு கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இனி, காற்று எங்கிருந்து வருகிறது என்பது. சாதாரண பீட்டிலில் பின்கண்ணாடிக்குக் கீழே பொடியிலேயே வரிசையாகத் துவாரங்கள் இருக்கும். அவற்றின் வழியே இறங்கும் காற்று, எஞ்சின் அறையின் முன்சுவருக்கும் விசிறிக் கூட்டுக்கும் இடையில் வந்து சேரும். விசிறியின் வாய் அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறது. மழைநீரும் அதே வழியாக வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கத்தில் நனைந்து கெட்டுப்போக மின்சாரச் சாமான் ஒன்றும் இல்லை. தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில், அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டர், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் எல்லாம் கூட்டின் மறுபக்கத்தில், பின்மூடியைப் பார்த்தபடி இருக்கின்றன. உள்ளே போகும் சொட்டுகளை விசிறி சிதறடிக்கும். சிலிண்டர்களின் சூடான செட்டைகளில் பட்டு அவை ஆவியாகும்.

இந்த அமைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும். மழையைத் தடுக்கச் சிரமப்படாமல், அது விழுந்தாலும் கேடு வராத இடத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

அந்த வசதி இல்லாமல் போனது திறந்த கூரைக் காரில். ஒஸ்னாபுறுக்கில் கார்மன் நிறுவனம் 1949 முதல் 1980 ஜனவரி வரை கட்டிய கப்ரியோலேயில், மடித்த கூரை வந்து உட்காரும் இடம் பின்கண்ணாடித் துவாரங்கள் இருக்க வேண்டிய இடம். அதனால் துவாரங்களைப் பின்மூடிக்கு மாற்ற வேண்டி வந்தது. மூடியில் துவாரம் போட்டால் மழை நேரே கொயில் மேலும் டிஸ்ரிபியூட்டர் மேலும் விழும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். ஆகவே துவாரங்களுக்கு அடியில் ஒரு தகரத் தட்டைத் தொங்கவிட்டார்கள். தண்ணீரைத் தட்டு பிடித்துக்கொள்ளும், காற்று அதன் விளிம்பைச் சுற்றி உள்ளே போகும். கார்மன் கியா என்னும் வொக்ஸ்வாகன் கூப்பேயிலும் துவாரங்கள் மூடியில்தான், அங்கேயும் தட்டும் வடிகுழாயும் உண்டு. வொக்ஸ்வாகன் வான் வண்டியில் வேறு வழி: துவாரங்களை இரு பக்கச் சுவர்களில் உயரத்தில், சக்கரம் அடிக்கும் சேற்றுக்கு எட்டாத இடத்தில் வைத்தார்கள்.

சாதாரண பீட்டிலின் மூடிக்குத் துவாரம் வந்தது எஞ்சின்கள் பெருத்த பிறகு. 1970 மாடல் 1500இல் முதலில் வந்தது. 1972 மாடலில் நான்கு கூட்டமாக 26 துவாரங்கள் ஆயின. மாஸ்டரின் காரில் பூட்டியிருந்தது இந்த 26 துவார மூடி. அடியில் தட்டு எதுவும் இல்லை.

சோதனை

முதலில் மழை. எஞ்சினை நிறுத்தி, பழைய வீரகேசரித் தாள்களைக் கிழித்துக் கொயில், டிஸ்ரிபியூட்டர், டைனமோ, காற்று வடிகட்டி ஒவ்வொன்றின் மேலும் விரித்தேன். மூடியைச் சாத்தி, தோட்டத்துக் குழாயை மழைபோல் உயரத்திலிருந்து ஐந்து நிமிடம் பிடித்தேன். திறந்து பார்த்தால் இடப்பக்கத் தாள்கள் கூழாகியிருந்தன. வலப்பக்கத்தில் டைனமோவின் மேல் சில சொட்டுகள் மட்டும். இடப்பக்கம்தான் கொயிலும் டிஸ்ரிபியூட்டரும் இருக்கும் பக்கம். கொயிலின் கழுத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் காய்ந்த வளையங்கள் முன்பே படிந்திருந்தன. அதைப் பார்த்தபோதே பாதி விடை தெரிந்துவிட்டது.

இருட்டிய பிறகு வெளிவிளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, தலைமயிருக்கு அடிக்கும் தண்ணீர்ப் புட்டியால் டிஸ்ரிபியூட்டர் மூடியில் மெல்லிய தூறல் ஒன்று விட்டேன். நீல நூல் போன்ற மின்பொறி ஒன்று பிளக் வயரின் அடியிலிருந்து கிளம்பி, மூடியின் பக்கவாட்டில் ஓடி, இரும்புக் கவ்வியில் போய் முடிந்தது. அதே நொடியில் எஞ்சின் தடுமாறியது. மூடியைக் கழற்றிப் பகலில் பார்த்தபோது, நூல் ஓடிய வழியில் மயிர்போன்ற கரிக்கோடு ஒன்று இருந்தது. அந்தக் கோடு விழுந்துவிட்டால் காய்ந்த பின்பும் மின்சாரம் அதைத் தேடிப் போகும். துடைத்து வைத்துப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம் சூடு. இங்கே எனக்கு உதவியது ஓர் ஊதுபத்தி. பெற்றோல் கசிவு இல்லை என்று உறுதிப்படுத்தாமல் எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது என்பதால், முதலில் பெற்றோல் குழாய்களைத் தடவிப் பார்த்தேன். துணி சுற்றிய பழைய குழாய் ஒன்று வளைவில் வெடித்திருந்தது. நனையவில்லை, ஆனாலும் எல்லாக் குழாய்களையும் அன்றே புதிதாக்கினோம். வேறொன்றைத் தேடப்போய் இதைக் கண்டது பெரிய ஆறுதல். இந்தக் கார்கள் தீப்பிடித்த கதைகளில் பாதி அந்த வளைவில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

மூடியைச் சாத்தி, கீழ்விளிம்பின் மூன்று விரல்கடை இடைவெளியில் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை உள்ளே இழுபட்டது. காற்று போகிறதே, நல்லதுதானே என்று மாஸ்டர் கேட்டார். இழுபடும் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கையை அங்கே வைக்கச் சொன்னேன். சைலன்சரின் இரண்டு வால்குழாய்களும் அந்த இடைவெளிக்குச் சற்றுக் கீழேதான். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு அடியால் வெளியேறும் காற்றும் அங்கேதான் சுழல்கிறது. கை சுட்டு எடுத்துக்கொண்டார். குளிர்காற்றுக்காகத் திறந்துவைத்த வாசலில் வெந்த காற்றுத்தான் ஏறிக்கொண்டிருந்தது. மழை நாளில் பின்சக்கரங்கள் தெறிக்கும் தண்ணீரும் அதே வாசலால் வரும்.

அடுத்தது டார்ச் சோதனை. இரவில் எஞ்சின் நிற்கும்போது காருக்கு அடியில் டார்ச்சைப் போட்டுவிட்டு மேலிருந்து பார்த்தேன். தகரங்கள் சரியாக இருந்தால் ஒளி மேலே வராது. இங்கே சுற்றுப் பட்டி நெடுகிலும் ஒளிக்கோடு தெரிந்தது. இறப்பர் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. பிளக் வயர்கள் தகரத்துக்குள் நுழையும் இடத்து இறப்பர் வளையங்களில் இரண்டு இல்லை. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. பின் தகரத்தின் இரு பக்கமும் கைமுஷ்டி அளவில் இரண்டு ஓட்டைகள், விசிறிக் கூட்டின் இரு பக்கமும் அதே அளவில் இன்னும் இரண்டு.

அந்த நான்கும் ஹீட்டருக்கானவை. 1963 மாடலிலிருந்து பீட்டிலின் ஹீட்டர் விசிறிக் கூட்டிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்றை எடுத்து, அதை எஞ்சினின் புகைக்குழாய்களைச் சுற்றியுள்ள பெட்டிகளில் சூடாக்கி, காருக்குள் அனுப்புகிறது. கொழும்பில் ஹீட்டர் எதற்கு? யாரோ குழாய்களைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியதில் பிழையில்லை, ஓட்டைகளை அடைக்காமல் விட்டதுதான் பிழை. எஞ்சின் ஓடும்போது கூட்டின் ஓட்டையில் கையை வைத்தால் விசிறி தள்ளும் காற்று பலமாக அடித்தது. சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அது. பின் தகரத்தின் ஓட்டைகள் வழியே சூடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. நுவரெலியாவுக்கு ஏறிய அன்று விளக்கு மினுங்கியதற்கு முதல் காரணம் இதுதான் என்று துணிந்து சொல்வேன். வந்த காற்றே வீணாகிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஒன்று. பின்கண்ணாடித் துவாரங்களின் உட்புறம் கையை விட்டுத் தடவியபோது மெத்தையாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் கறுத்துப்போன ஸ்பொஞ்ச். மழை உள்ளே வராமலிருக்க எவரோ எந்தக் காலத்திலோ அடைத்தது. மழை கேடு செய்யாத ஒரே வழியை அடைத்துவிட்டு, கேடு செய்யும் வழியை மூடியில் திறந்திருந்தார்கள்.

செய்த வேலை

ஸ்பொஞ்சை முழுவதும் எடுத்தோம். கூட்டிலும் தகரத்திலும் இருந்த நான்கு ஓட்டைகளுக்கும் மூடிகள் போட்டோம். சுற்றுப் பட்டியும் பிளக் வளையங்களும் புதிது. பூட்டுத் தகட்டை எடுத்து, மூடி தன் இடத்தில் உட்காரும்படி செய்தேன். பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்ததால் கப்பியின் இரு பாதிகளுக்கு நடுவில் இருந்த வளையங்களில் ஒன்றை வெளியே மாற்றி இறுக்கினேன். டிஸ்ரிபியூட்டர் மூடியும் பிளக் வயர்களும் புதிது.

இனி அந்தத் துவார மூடியை என்ன செய்வது? 1968இல் இந்த 1500 துவாரமில்லாத மூடியோடுதான் வந்தது, அதற்கு அது போதும். பழைய மூடி இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே பூட்டியிருப்பேன். ஆனால் அந்தக் கராஜில் அதை எறிந்துவிட்டார்கள். வேறு ஒன்று கிடைக்கும்வரை கப்ரியோலேயின் வழியில் ஒரு தட்டுச் செய்யலாம் என்று முடிவெடுத்தோம்.

முதல் தட்டு தோற்றுப்போனது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத்தில் வெட்டி, துவாரங்களுக்கு அடியில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் தொங்கவிட்டேன். அடியில் 6 மில்லிமீட்டர் வடிகுழாய் ஒன்று. நல்ல மழையில் ஓடிவிட்டு வந்து நின்றோம். கார் நிற்கவில்லை, தடுமாறவும் இல்லை. மகிழ்ச்சியோடு மூடியைத் தூக்கினேன். தட்டில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு கோப்பையளவு, மூடி நிமிர்ந்ததும் நேரே புதிய டிஸ்ரிபியூட்டரின் மேல் கொட்டியது.

குழாய் மெலிதென்பதால் தண்ணீர் அதன் வாயில் திரண்டு நின்றிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. தட்டு இருப்பது உறிஞ்சல் உள்ள மேல்மாடியில், குழாயின் நுனியோ வெளியில். எஞ்சின் ஓடும்போது வெளிக்காற்று குழாயால் மேலே ஏறப் பார்க்கும். உறிஞ்சல் சிறியதுதான், ஆனால் குழாய் குட்டையாகவும் மெலிதாகவும் இருந்தால் அதுவே தண்ணீரைப் பிடித்து நிறுத்தப் போதும்.

இரண்டாவது தட்டில் குழாய் 12 மில்லிமீட்டர். இறக்கம் ஒரு முழம். மூடி சாத்தியிருக்கும்போது எது மிகத் தாழ்ந்த மூலையோ அங்கே வைத்து, பின் தகரத்தில் இறப்பர் வளையம் போட்டுக் கீழே இறக்கினேன். விசிறிப் பக்கத்து விளிம்பை ஒரு விரல்கடை உயர்த்தினேன். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் தண்ணீர் முன்னோக்கி எகிறும், அதற்காக. துவாரங்களுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியை 45 மில்லிமீட்டர் ஆக்கினேன். காற்று வடிகட்டியில் முட்டாமல் அதற்கு மேல் இறக்க முடியாது. தட்டைச் சுற்றிக் காற்று நுழையும் பரப்பு, துவாரங்களின் மொத்தப் பரப்பைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கை மாஸ்டர் தாளில் போட்டுச் சரிபார்த்துத் தந்தார், என்னைவிட வேகமாக.

மறுபடி வீரகேசரி, மறுபடி தோட்டத்துக் குழாய். இந்த முறை தாள்கள் உலர்ந்தே இருந்தன. காருக்கு அடியில் சிறு ஓடை ஓடியது.

பிறகு

அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பின் பின்னேர இடிமழை எல்லாவற்றிலும் கார் ஓடியது. ஒரு தடவையும் நிற்கவில்லை. டிசம்பரில் அதே றம்பொடை வழியாக நுவரெலியா போனோம், நான் பின் இருக்கையில். மேலே போய் ஐடிலில் விட்டு ஐந்து நிமிடம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். எரியவில்லை. மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை, சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

ஒரேயொரு தடுமாற்றம் வந்தது சேர்விஸ் நிலையத்தில். காரைக் கழுவும்போது உயர் அழுத்தக் குழாயை அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பிடித்துவிட்டார்கள். தட்டு மேலிருந்து விழும் தண்ணீருக்கானது, கீழிருந்து வருவதற்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது எஞ்சின் பக்கம் அடிக்க வேண்டாம் என்று மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

ஜனவரியில் வடிகுழாயைக் கழற்றிப் பார்த்தபோது, அவர் வீட்டு வேம்பின் இலைக்காம்புகள் உள்ளே முறுகிக்கொண்டிருந்தன, பாதி அடைப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதி காலையில் அவர் ஒரு செம்புத் தண்ணீரை மூடித் துவாரங்களில் ஊற்றிவிட்டு, குனிந்து, காருக்கு அடியில் அது வந்து விழுகிறதா என்று பார்க்கிறார். பொலித்தீன் விரிப்பு இப்போது கொடியில் காயும் உடுப்புகளுக்கு.